அபரஞ்சி பெயர் சொல்லும் இடம்

செட்டித்துறையில் பிறந்து, செட்டித்துறையில் பாடி, செட்டித்துறையிலேயே இருபத்திரண்டு வயதில் இறந்துபோன அபரஞ்சி, இறந்த பிறகு ஐம்பது வருஷம் எங்கள் ஊர்ச் சபாவில் பாடினாள். அதில் முதல் இருபது வருஷம் வருஷத்துக்கு வருஷம் நன்றாகப் பாடினாள், அடுத்த பத்து வருஷம் அவளைப் போல் பாட ஆளே இல்லை என்று சொல்லும்படி பாடினாள், அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஆவது போல அவளுக்கும் வயதாகிவிட்டது.

உயிரோடு இருந்து அவள் பாடியது ஆறே வருஷம். கோயிலுக்குப் பொட்டுக்கட்டிய குடும்பம், அப்பா பெயரைக் கேட்கக் கூடாத வீடு, வளர்த்தது சித்தி தனபாக்கியம். பதினாறு வயதில் தேர்த் திருவிழாவில் பாட ஆரம்பித்து, உப்பு மண்டிக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில் பாடி, ரயிலேறிப் பக்கத்து ஊர்களுக்குப் போய்ப் பாடி, கடைசியில் செட்டித்துறை சங்கீத சபாவில் ஒரே ஒரு தடவை பாடினாள். அந்த மேடையில் அதற்கு முன் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், வராமல் இருக்க அவர்களால் முடியவில்லை. ஆனால் பொட்டுக்கட்டிய வீட்டுப் பெண்ணுக்கு நாலு பேர் பார்க்கக் கைதட்டுவது எப்படி என்று ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள், அவர் தனக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், இப்படிப் பார்த்துக்கொண்டே கச்சேரி நடந்து மங்களமும் ஆகிவிட்டது. முழங்கால் மேல் வைத்த கைகள் வைத்தபடியே இருந்தன.

கொல்லை வாசல் வழியாக வெளியே வந்தபோது அபரஞ்சி தன் மிருதங்கக்காரர் மாசிலாமணியிடம் கேட்டாளாம்: "உள்ளே ஆளுங்க இருந்தாங்களாண்ணே, இல்ல தூணுங்களுக்குப் பாடிட்டு வந்தேனா?"

"தூணா இருந்தா எதிரொலியாவது குடுத்திருக்கும்" என்றாராம் மாசிலாமணி.

அதற்கு அடுத்த வருஷம் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் பட்டணத்திலிருந்து வந்தார்கள். பெரிய கடைத்தெருவில் ஒரு மாடியைப் பிடித்து, சுவர் முழுக்கக் கம்பளியைத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு தகரக் குழாயை நிறுத்தி, அதன் வாய்க்குள் பாடச் சொன்னார்கள். அபரஞ்சி அப்போது எட்டு மாசம். வயிற்றில் இருந்த பிள்ளையின் தகப்பன் நாலு ஊர் தள்ளியிருந்த ஒரு மிராசுதார், அவர் இந்தக் கதையில் இனி வரமாட்டார், அவள் வாழ்க்கையிலும் அதற்குப் பிறகு வரவில்லை. மூன்றரை நிமிஷத்துக்குள் அடங்குகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று கம்பெனிக்காரர் கேட்டார். அவள் ஆகிரி ராகத்தில் ஒரு சின்னக் கீர்த்தனத்தைப் பாடுகிறேன் என்றாள்.

"ஆகிரி பாடினா அன்னிக்குச் சோறு கிடைக்காதுடி" என்று சித்தி தடுத்தாள். பாட்டுக்காரர்கள் நடுவே அப்படி ஒரு நம்பிக்கை உண்டு.

"எனக்கு எட்டு மாசமா சோறே இறங்கல சித்தி. பாடினா என்ன, பாடாட்டி என்ன?"

பாடுவதற்கு முன் கம்பெனிக்காரர் ஒரு விஷயம் சொன்னார். "பாட்டு முடிஞ்சதும் உங்க பேரைக் கணீர்னு சொல்லுங்கம்மா. தட்டு கப்பல்ல சீமைக்குப் போய் அச்சாகி வரணும். அங்கே இருக்கிறவனுக்கு நீங்க பாடினாலும் ஒண்ணுதான், உங்க வீட்டு எருமை பாடினாலும் ஒண்ணுதான். பேர் இருந்தாத்தான் சரியான சீட்டை எடுத்து ஒட்டுவான்."

அந்தக் காலத்து இசைத்தட்டுகளில் அது வழக்கம். பாட்டு முடியும், ஒரு மூச்சு இடைவெளி வரும், பாடியவர் தன் பெயரைச் சொல்லுவார். அபரஞ்சியும் பாடி முடித்து, மூச்சு வாங்கி, "செட்டித்துறை அபரஞ்சி" என்று சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் பெயரைத் தானே கூப்பிட்டது போல இருக்கிறது என்று சிரித்தாளாம், ஆனால் அந்தச் சிரிப்பு தட்டில் பதிவதற்குள் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள்.

மறு மாசம் பெண் குழந்தை பிறந்தது.

செட்டித்துறையில் குழந்தைக்குப் பதினாறாம் நாள்தான் பெயர் வைப்பார்கள். அதற்கு முன் பெயரை வாய்விட்டுச் சொன்னால் கடல் காற்று கேட்டுவைத்துக்கொண்டு பிற்பாடு கூப்பிடும் என்று பயம். பிள்ளை பெற்ற ஐந்தாம் நாள், பக்கத்தில் கிடந்ததைத் தடவிக்கொண்டே, "பேரு வச்சிட்டேன் சித்தி" என்றாள் அபரஞ்சி.

"என்ன பேரு?"

"தொட்டில்ல போடறப்ப சொல்றேன்."

"என் காதுல மட்டும் சொல்லேன்டி."

"ஜன்னல் திறந்திருக்கு சித்தி."

ஒன்பதாம் நாள் ஜன்னி கண்டு இறந்துபோனாள்.

பதினாறாம் நாள் தொட்டிலில் போடும்போது எல்லோரும் தனபாக்கியத்தைப் பார்த்தார்கள். வேறு ஒரு பெயரை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. பெயர் வைக்காத பிள்ளையாக இருந்தால் வைத்துவிடலாம், இது வைத்தாகிவிட்ட பிள்ளை, அந்தப் பெயர் என்ன என்பதுதான் தெரியவில்லை, இன்னொன்றை வைத்தால் அவள் வைத்தது அழிந்துபோகும் என்றாள் தனபாக்கியம். அதனால் குஞ்சு, குஞ்சு என்று கூப்பிட்டார்கள். பெயர் தெரிகிற வரைக்கும் என்று நினைத்துத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். அவளுக்குத் தலை நரைத்த பிறகும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இசைத்தட்டுகள் கப்பலில் வந்துகொண்டிருந்தபோது சீமையில் சண்டை மூண்டுவிட்டது. இறங்கியது ஒரே ஒரு பெட்டி. அதற்குள்ளும் கடல் தண்ணீர் புகுந்திருந்தது. உடையாமல் இருந்த ஒரு தட்டைச் சபாவின் காரியதரிசி வக்கீல் சாரநாதன் வாங்கி வந்து சபா அலமாரியில் வைத்துப் பூட்டினார். அபரஞ்சி இறந்து ஒரு வருஷம் ஆன அன்று சாயங்காலம் அதை மேடையில் வைத்துப் பாடவிடுவது என்று முடிவானது. உயிரோடு கொல்லை வாசலில் அனுப்பியவளைக் கிராமபோன் பெட்டியாகத் தலைவாசல் வழியே நாகஸ்வரத்தோடு அழைத்து வந்தார்கள். பாயை விரித்து அதன் மேல் கிராமபோனை உட்கார வைத்தார்கள், பக்கத்தில் மாசிலாமணி மிருதங்கத்தோடு உட்கார்ந்தார். தட்டு சுழன்றது, அபரஞ்சி பாடினாள், மூன்றரை நிமிஷம் முடிந்ததும் சபாவில் இருந்த அத்தனை பேரும் உள்ளங்கை சிவக்கக் கைதட்டினார்கள். போன தடவை தட்டாததையும் சேர்த்துத் தட்டினார்கள். பல பேர் அழுதார்கள். அவள் கடைசியில் பெயர் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

இரண்டாம் வருஷம் பாடி முடிந்ததும் மாசிலாமணி மிருதங்கத்தை உறையில் போட்டுக்கொண்டே, "அனுபல்லவியில போன வருஷம் மூச்சு எடுத்த இடத்துல இந்த வருஷம் எடுக்கல" என்றார்.

"முள் புதுசு, அதனாலே அப்படித் தோணறது" என்றார் சாரநாதன்.

மூன்றாம் வருஷம் அதே வரியில் ஒரு புது சங்கதி வந்தது. நாலாம் வருஷம் அதற்கு மேல் இன்னொன்று. ஐந்தாம் வருஷம் மேல் ஸ்தாயியில் நின்ற நிற்பைக் கேட்டு, சபாவின் முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "நல்ல சாதகம்" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். இறந்தவள் எங்கே உட்கார்ந்து சாதகம் செய்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. யாரிடம் பாடம் கேட்கிறாள் என்பதில்தான் சண்டை வந்தது, ஒரு சாரார் அது தஞ்சாவூர்ப் பாணிதான் என்றார்கள், இன்னொரு சாரார் அந்தக் கமகம் தஞ்சாவூரில் கிடையாது, மேலே யாரோ வேறு ஆள் சொல்லிக்கொடுக்கிறார் என்றார்கள். ஊரில் பாட்டு கற்றுக்கொண்ட பெண்கள் விடியற்காலையில் எழுந்திருக்கச் சோம்பல்பட்டால், "செத்தவளே சாதகம் பண்றா, உனக்கென்ன கேடு?" என்று போர்வையை இழுத்தார்கள்.

தட்டை வருஷத்துக்கு ஒரு தடவைதான் போட முடிந்தது. ஒரு வருஷம் வெளியூரிலிருந்து வந்த ஜமீன்தார் ஒருவர் இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் மறுபடி முள்ளை வைத்தார்கள். உப்பளத்தில் காற்று அடிக்கிற மாதிரி வெறும் இரைச்சல்தான் மூன்றரை நிமிஷமும் கேட்டது, பாட்டும் இல்லை, பெயரும் இல்லை. பாடிக் களைத்தவளைத் திரும்பக் கூப்பிடுவது என்ன மரியாதை என்று ஜமீன்தாரைச் சாரநாதன் கடிந்துகொண்டார். அதிலிருந்து ஒரு ஒழுங்கு ஏற்பட்டது. இறந்த நாளன்று மத்தியானமே ஊரில் எல்லோரும் சாப்பிட்டுவிடுவார்கள், ஏனென்றால் ஆகிரிக்குப் பிறகு சோறு கிடைக்குமோ என்னவோ. மேடையில் கிராமபோன் குழாய்க்குப் பக்கத்தில் மிளகு போட்ட பால் ஒரு லோட்டாவில் வைப்பார்கள், அதை யாரும் தொடமாட்டார்கள், அது ஆடை படிந்து ஆறும். ஒரு வருஷம் பட்டம் கொடுத்தார்கள். பொன்னாடையைக் குழாயின் மேல் போர்த்தியதில் பல்லவி முழுவதும் கம்பளிக்குள்ளிருந்து பாடுவது போல வந்தது, மாசிலாமணிதான் வாசித்துக்கொண்டே ஒரு கையால் அதை இழுத்துவிட்டார்.

குஞ்சுவுக்கு விவரம் தெரிந்தபோது இதெல்லாம் நடைமுறைக்கு வந்துவிட்டிருந்தது. மற்றப் பிள்ளைகளின் அம்மா அடுப்படியில் இருப்பது போல அவள் அம்மா சபா அலமாரியில் இருந்தாள். பெண்களுக்கு ஒதுக்கியிருந்த பின்பக்கத்துப் பாயில் சின்னப் பாட்டியான தனபாக்கியத்தின் மடியில் உட்கார்ந்து வருஷத்துக்கு ஒரு தடவை அவளைக் கேட்டாள். தனபாக்கியம் இறந்த வருஷம், குஞ்சுவுக்குப் பதின்மூன்று வயதிருக்கும், துக்கம் கேட்க வந்த மாசிலாமணி வாசலில் நின்றபடி சொன்னார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் தாயி. கொஞ்ச வருஷமாவே சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன். பாட்டு முடிஞ்சதும் உங்கம்மா பேரைச் சொல்றால்ல?"

"சொல்றாங்களா மாமா? எங்க பக்கம் கைதட்டுதான் கேக்கும்."

"சொல்றா. செட்டித்துறை அபரஞ்சின்னு சொல்லிட்டு நிறுத்திக்குவா. இப்ப நிறுத்தறதில்ல. இன்னொரு மூச்சு எடுக்கறா. எடுத்து இன்னொரு வார்த்தை சொல்றா."

"என்ன வார்த்தை?"

"அதுதான் தெரியலையே. நான் குழாய்க்குப் பின்னால இருக்கேன், முன்னால அத்தனை பேரும் தட்டறான். போன வருஷம் கேட்டே தீரணும்னு நான் வாசிக்கிறதைச் சீக்கிரம் நிறுத்தினேன். நான் நிறுத்தினதும் முடிஞ்சுபோச்சுன்னு அவனுங்களும் சீக்கிரம் தட்ட ஆரம்பிச்சுட்டானுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "பேரு மாதிரிதான் இருக்கு. அவ வேற யார் பேரைச் சொல்லப்போறா?"

அன்றிலிருந்து குஞ்சுவுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அது பேராசை என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஊரில் எல்லோருக்கும் அது தொட்டிலிலேயே கிடைத்திருந்தது. அவள் சாரநாதன் வீட்டுக்குப் போனாள். அவர் கட்சிக்காரர்களை அனுப்பிவிட்டு அவளை உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை.

"சாமி, பாட்டு முடிஞ்சதும் கொஞ்ச நேரம் யாரும் கைதட்டாம இருந்தா..."

"கைதட்டாதேங்கோன்னு ரசிகாள்கிட்ட நான் சொல்றதா?" அவர் கோபப்படவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். "உங்கம்மா உசிரோட பாடினப்போ ஒரு கையும் எழும்பலே, கொழந்தே. நானும் அங்கேதான் இருந்தேன். அந்தப் பாவம் இந்தச் சபாவுக்கே இருக்கு. அதைத் தீர்த்துக்கத்தான் வருஷா வருஷம் தட்டிண்டிருக்கோம்."

"அதைக் கொஞ்சம் கழிச்சுத் தட்டக் கூடாதுங்களா சாமி?"

"கைதட்டு தானா வரணும். நிறுத்தி வெச்சுத் தட்டினா அது கைதட்டா?"

"அப்ப ஒரு வருஷம் மட்டும் தட்டை எங்க வீட்டுக்குக் குடுங்க. நான் தனியாக் கேட்டுட்டுக் கொண்டாந்து குடுத்துடறேன்."

"சபா சொத்தும்மா அது. இதைக் கேக்கறதுக்குன்னு மெட்ராஸ்லேர்ந்து வர்றா. இந்த வருஷம் தட்டு குஞ்சு ஆத்துல இருக்குன்னு அவாகிட்ட சொல்லட்டுமா?"

அவர் செய்யக்கூடியதாக ஒன்று செய்தார். பெண்கள் பாயிலிருந்து எழுந்து வந்து மேடைப் படிக்கட்டின் ஓரத்தில் உட்கார அவளுக்கு அனுமதி கொடுத்தார். அது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை, அதற்காக இரண்டு பேர் சபாவிலிருந்து விலகினார்கள். ஆனால் படிக்கட்டு ஓரத்தில் கைதட்டு இன்னும் பலமாகக் கேட்டது.

அப்புறம் வந்தவைதான் அபரஞ்சியின் நல்ல வருஷங்கள். நாற்பது வயதை நெருங்கியபோது அவள் குரல் தேங்காய் உடைத்த மாதிரி இருந்த நிலை மாறி, அடியில் ஒரு கனம் சேர்ந்து, மெதுவாக, யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாதவள் போல மூன்றரை நிமிஷத்துக்குள் ஆகிரியின் முழு துக்கத்தையும் கொண்டுவந்து இறக்கிவைத்தாள். ரயில்வேக்காரர்கள் அன்று கூடுதலாக ஒரு பெட்டி இணைத்தார்கள். சபாவின் ஜன்னல்களில் ஆட்கள் தொங்கினார்கள். ஒரு கைதட்டு ஓய்வதற்குள் இன்னொன்று கிளம்பி, தட்டு நின்ற பிறகும் நீண்ட நேரம் நீடித்தது. செட்டித்துறையே அவளுக்கு நீண்ட ஆயுள் வேண்டிக்கொண்டது. ஊரில் ஒருத்தி மட்டும் அவள் குரல் கெட்டுப்போக வேண்டும் என்று காத்திருந்தாள். ஒவ்வொரு வருஷமும் படிக்கட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, எங்கேயாவது பிசிறு தட்டுகிறதா, எங்கேயாவது சுருதி இறங்குகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இல்லை என்று தெரிந்ததும், பெற்ற தாய் இவ்வளவு நன்றாகப் பாடுகிறாளே என்று மற்றவர்கள் அவளைப் பொறாமையோடு பார்த்தபோது, தலையைக் குனிந்துகொண்டாள்.

குஞ்சு முனிசிபாலிட்டி பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். பாடத் தெரியாது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளை பிறந்ததும் துடைத்துத் தாயிடம் கொடுக்கும்போது, "பேரு நெனச்சு வச்சிருக்கியா?" என்று கேட்பாள். ஆமாம் என்றால், "சொல்லு" என்பாள். பதினாறாம் நாள் என்று இழுத்தால் பிள்ளையைக் கையில் கொடுக்கமாட்டாள். "காத்து கேட்டா கேட்டுட்டுப் போவுது. நான் கேட்டுக்கறேன், சொல்லு." வலி ஓயாத நிலையிலேயே அந்தப் பெண்கள் பெயரைச் சொல்லுவார்கள். முதலில் மாமியார்கள் சண்டைக்கு வந்தார்கள், பிறகு அதுவே பழகிவிட்டது, இன்றைக்கும் செட்டித்துறையில் பிள்ளையின் பெயரைப் பிறந்த கையோடு சொல்லிவிடுகிறார்கள். என் அம்மாவும் அப்படிச் சொன்னவள்தான்.

கடைசியில் குஞ்சு காத்திருந்தது வந்தது. மேல் ஸ்தாயியில் ஒரு வருஷம் குரல் நடுங்கியது. மறு வருஷம் அந்த இடத்துக்கே போகாமல் அபரஞ்சி சுற்றிக்கொண்டு வந்தாள். பாடுவதற்கு முன் தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் சத்தம் தட்டில் புதிதாகச் சேர்ந்தது. ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது, வயசானாலும் ஞானம் போகுமா என்றார்கள், அப்படிச் சொன்னவர்கள் அடுத்த வருஷம் வரவில்லை. ரேடியோ வந்திருந்தது, சினிமாக் கொட்டகை வந்திருந்தது. கூடுதல் ரயில் பெட்டி நின்றது. சாரநாதன் காலமாகி அவர் மகன் தேசிகன் காரியதரிசியானார். பின்பக்கத்துப் பாய்களைச் சுருட்டிவைத்தார்கள்.

கைதட்டு மெலிய மெலியக் குஞ்சு அதற்குள்ளே புகுந்து கேட்டாள். ஒரு வருஷம், பிறந்ததிலிருந்து முதல் முறையாக, "செட்டித்துறை அபரஞ்சி" என்று அம்மா சொன்னது அவளுக்கு முழுதாகக் கேட்டது. அடுத்த வருஷம் அதற்குப் பிறகு வந்த மூச்சு கேட்டது. அதற்கடுத்த வருஷம் மூச்சுக்குப் பிறகு ஏதோ ஒன்று தொடங்குவது கேட்டது, ஆனால் அது என்னவென்று பிடிபடுவதற்குள் பின்வரிசையில் யாரோ தட்டிவிட்டார்கள். குரலோ மோசமாகிக்கொண்டே வந்தது. இன்னும் எத்தனை வருஷம் என்று அவள் மாசிலாமணியைக் கேட்டாள். அவர் எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தார், காது சுத்தமாக அடைத்துவிட்டது. விரல்கள் மட்டும் அந்த மூன்றரை நிமிஷத்தை நினைவிலிருந்து வாசித்தன. கேள்வியை அவர் காதுக்குள் கத்த வேண்டியிருந்தது.

"இழுக்குது" என்றார். "இந்தத் தடவை கேட்டுடு."

ஐம்பதாவது வருஷம் சபாவுக்கு வந்தவர்கள் கைவிரலில் எண்ணக்கூடியவர்கள். அத்தனை பேரையும் குஞ்சுவுக்குத் தெரியும், பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். அவள் ஒவ்வொருவரிடமும் போய், குனிந்து, முகத்துக்கு நேராகச் சொன்னாள். "இந்த ஒரு தடவை தட்டாதீங்க. எங்கம்மா பேர் சொன்னதுக்குப் பின்னால இன்னொரு பேர் சொல்வாங்க. அது எம்பேரு."

"ஆகட்டும் குஞ்சு" என்றார்கள். "இது கூடவா செய்யமாட்டோம்?"

"நான் பார்த்துக்கறேன் குஞ்சம்மா" என்றார் முன்வரிசையில் இருந்த தேசிகன். "ஒரு ஈ பறக்காது."

அவர் நல்ல மனிதர். எல்லோருமே நல்ல மனிதர்கள்.

முள் இறங்கியது. நீண்ட நேரம் கனைப்புச் சத்தம். பிறகு அபரஞ்சி பல்லவியை எடுத்தாள். அது குரல் என்று சொல்ல முடியாது, குரல் இருந்த இடத்தில் ஒரு காய்ந்த ஓலை அசைந்துகொண்டிருந்தது. அனுபல்லவிக்கு வந்தபோது அவளுக்கு வார்த்தை மறந்துவிட்டது. முந்தின வார்த்தையைத் திரும்பப் பாடினாள், அதையே இன்னொரு தடவை பாடினாள், அங்கிருந்து போக வழி தெரியாமல் நின்றாள். இருமல் வந்தது. மாசிலாமணிக்கு அது கேட்கவில்லை, அவர் பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் கண்ணை மூடியபடி வாசித்துக்கொண்டிருந்தார், மிருதங்கம் மட்டும் தனியாகச் சரணத்துக்குள் போனது. இருமி முடித்து அவள் எதையோ முணுமுணுத்தாள், ஒரு ஸ்வரத்தைத் தொட முயன்றாள், அது வரவில்லை, விட்டுவிட்டாள்.

மடியில் விரல்களைக் கோத்தபடி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தட்டு சுழன்றது. அந்த அமைதியில் ஒரு கிழவி தெளிவாகச் சொன்னாள்: "செட்டித்துறை அபரஞ்சி."

படிக்கட்டிலிருந்து குஞ்சு எழுந்து குழாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தாள். அம்மா மூச்சு எடுத்தாள். வயதானவர்கள் படியேறும்போது எடுப்பது போல, நீளமாக, நடுவில் ஒரு முறை நின்று எடுத்தாள்.

மேடையில் ஒரு முதிய பாடகர் வார்த்தை மறந்து, குரல் போய், பாடியதைப் பாதியில் விட்டுவிட்டுத் தன் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு தவிக்கும்போது, சங்கீதம் கேட்டு வளர்ந்த மனிதர்கள் ஒன்று செய்வார்கள். அந்தத் தவிப்பு யாருக்கும் தெரியாதபடி அதன் மேல் கைதட்டுவார்கள். அது அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததல்ல, மரியாதை என்று அவர்கள் உடம்புக்குத் தெரிந்தது அது. முதலில் தட்டியது தேசிகன். அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அடுத்த நொடி மற்றவர்கள் தட்டினார்கள், எழுந்து நின்று தட்டினார்கள், இவ்வளவு பேர்தான் இருக்கிறோம் என்பதற்காக இன்னும் பலமாகத் தட்டினார்கள், பழைய கூட்டம் முழுவதும் திரும்பி வந்தது போலச் சபா அதிர்ந்தது.

பிறகு ஒவ்வொருவராக நினைவு வந்து நிறுத்தினார்கள். முள் தட்டின் நடுவே முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது.

தேசிகன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "தானா வந்துடுத்து, குஞ்சம்மா" என்றார். "நான் தட்டலே. தானா வந்துடுத்து."

குஞ்சு குழாய்க்கு மறுபக்கம், அம்மாவுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த மாசிலாமணியின் தோளைத் தொட்டாள். அவர் கண்ணைத் திறந்தார். அவள் கேட்டது காதில் விழாவிட்டாலும் என்ன கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

"பொட்டிக்கு உதடு இருந்திருந்தா பார்த்துச் சொல்லியிருப்பேன் தாயி" என்றார்.

மறு வருஷம் தட்டைப் போட்டபோது உப்பளத்துக் காற்று மட்டும் கேட்டது. மூன்றரை நிமிஷமும் எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள். முடிந்ததும், இறந்தவருக்குச் செய்வது போல, யாரும் யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போய்த் தலைக்குக் குளித்தார்கள். பதினாறாம் நாள் சபா செலவில் காரியம் செய்தார்கள். அபரஞ்சிக்கு எழுபத்திரண்டு வயது, நிறைந்த வாழ்வு, கல்யாணச் சாவு என்று பேசிக்கொண்டார்கள். காரியத்துக்கு மறுநாள் தேசிகன் தட்டையும் கிராமபோனையும் தாமே சுமந்துகொண்டு குஞ்சு வீட்டுக்கு வந்து வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் குஞ்சு ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுவிட்டு, மத்தியானமே சாப்பிட்டுவிட்டு, ஜன்னல்களைச் சாத்திவிட்டுத் தட்டைப் போடுவாள். தெருவில் எல்லோருக்கும் தெரியும், அந்த நேரத்துக்கு ரேடியோவைத் தணித்துவிடுவார்கள். இரைச்சல் போகும், பல்லவி இருந்த இடத்தைத் தாண்டும், அனுபல்லவி இருந்த இடத்தைத் தாண்டும், அம்மா தன் பெயரைச் சொன்ன இடத்தைத் தாண்டும், மூச்சு எடுத்த இடத்தைத் தாண்டும். அதற்கு அடுத்தது வருகிற இடத்தில், கூப்பிட்டது காதில் விழுந்த பிள்ளை சொல்வது போல, குஞ்சு குழாயின் பக்கம் முகத்தைத் திருப்புவாள்.

"என்னம்மா?" என்பாள்.

பிறகு முள்ளை எடுத்துவிடுவாள்.